மண்ணெண்ணெய்ப் பழி

1991ஆம் ஆண்டு, பண்டத்தரிப்புப் பக்கம். காங்கேசன்துறையில் கடலோரம் இருந்த எங்கள் வீட்டைச் சண்டைக்குப் பயந்து அதற்கு முதல் ஆண்டே விட்டு ஓடி வந்திருந்தோம். நான், கணவர், கைக்குழந்தை. ஒரு தோட்டக்காரர் தன் வீட்டு வளவின் மூலையில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொள்ள இடம் தந்தார். நல்ல மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போது அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைக் கண்ணால் காண்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, சொட்டு எண்ணெயில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருநாள் காலை கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் மணக்கிறது! "விளக்குக்கு இல்லாத சாமான் தண்ணிக்குள்ளை எப்பிடியப்பா வந்தது?" என்று என் கணவர் பகிடியாகத்தான் கேட்டார். அடுத்த நாள் வாளியில் நிறம் நிறமாய்ப் படலம் மிதந்தது. அதன் கெடுதி தெரியாமல் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டேன். பிஞ்சு உடம்பு முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது.

தோட்டக்காரரும் முதலில் எங்களோடு சேர்ந்து கவலைப்பட்டார். வாட்டர் பம்பைப் போட்டுக் கிணற்றை அடி தெரிய ஒட்ட இறைத்துவிடுவோம் என்றார். பம்புக்கு எண்ணெய் கொண்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குள் போனவர் வெறும் கையோடு திரும்பினார். ஆளின் முகமே மாறியிருந்தது.

"இடம் தந்தவனுக்கே வேலையைக் காட்டிப்போட்டியள்! நான் ஒளிச்சு வைச்ச எண்ணெயைக் களவெடுத்தது போதாதெண்டு, கிணத்தடியிலை கையைக் காலைக் கழுவித் தண்ணியையும் நாசமாக்கிப் போட்டியள்!" என்று ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

நாங்கள் மீன்பிடிக்கிற குடும்பம். படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பழகிய ஆட்கள். ஊருக்கு அது போதுமாக இருந்தது. படகே இல்லாதவன் எண்ணெயைக் களவெடுத்து எதற்குள் ஊற்றுவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்ற பழைய புத்தியும் சிலருக்கு உள்ளே உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒழுங்கையில் இருந்த மற்றக் கிணறுகளிலும் எங்களை அள்ள விடவில்லை. என் கணவர் வயல்வெளியைத் தாண்டி ஒரு கோயில் கிணற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் கொண்டு வந்தார்.

ஒரு மத்தியானம் ராணுவ ஹெலிகொப்டர் வந்து சுட்டது. வெட்டவெளியில் இரண்டு வாளித் தண்ணீரோடு நிற்கிற மனிதன் எங்கே போய் ஒளிப்பான்? ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலோடு வெட்டி எடுத்துவிட்டார்கள்.

குழந்தையின் தோலையும் அங்கேதான் காட்டினேன். ஆஸ்பத்திரிக்காரர் அறிவித்திருக்க வேண்டும், கணவரைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்து ஒரு கிழமைக்குள் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒடிந்து விழுகிற மாதிரி மெலிந்த மனிதர். ஒழுங்கையே அவரைச் சூழ்ந்து எங்களைப் பற்றிச் சொன்னது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார். "தண்ணியைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கப் பாதையில்லை. மூக்கை நம்பித்தான் பாக்கவேணும். முதல்லை கிணத்தை இறையுங்கோ" என்றார்.

ஆண்கள் மாறி மாறித் துலாவாலும் வாளியாலும் பகல் முழுக்க இறைத்தார்கள். இறைக்க முன் எடுத்த தண்ணீர் ஒரு போத்தலில், இறைத்த பின் ஊறிய தண்ணீர் இன்னொன்றில். இரண்டையும் பரிசோதகர் மூடி வெயிலில் வைத்துவிட்டு, பிறகு திறந்து தோட்டக்காரரின் மூக்கருகே நீட்டினார். புதிதாக ஊறிய தண்ணீர்தான் மோசமாக நாறியது.

"ஆரும் கை கழுவினதெண்டா இறைக்க இறைக்கக் குறையவேணும். இது கூடுது. இறைக்கிற நேரம் கிணறு சுத்திவர நிலத்திலை இருக்கிறதை இழுக்குது. எண்ணெய் நிலத்துக்குள்ளை கிடக்கு. ஐயா, நீங்கள் அதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

தோட்டக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒளித்து வைத்த இடத்தைச் சொன்னால், நாளைக்கு இன்னொன்றை ஒளிக்க முடியாதே.

பரிசோதகர் கூர் இரும்பு அலவாங்கு ஒன்றை வாங்கிக் கிணற்றைச் சுற்றி நிலத்தில் குத்தினார். குத்துவார், இழுப்பார், நுனியை மணந்து பார்ப்பார், தள்ளிப் போய் மறுபடி குத்துவார். வாழைத்தோட்டப் பக்கம் போகப் போக, மணம் கூடுகிறது என்று தலையை ஆட்டத் தொடங்கினார்.

"அங்கை குத்தாதேங்கோ, வாழைக்குட்டி பழுதாப்போம்!" என்று தோட்டக்காரர் பதறினார்.

அந்த இடத்தைத்தான் தோண்டினார்கள். செம்மண் கறுத்துக் கிடந்தது. அதற்குள் ஒரு இரும்புப் பீப்பாய். பொம்மர் விமானம் குண்டு போட்டால் வீட்டோடு பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் எண்ணெயை அங்கே புதைத்திருக்கிறார். வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீரில் ஊறி ஊறி, பீப்பாயின் அடி துருப்பிடித்து உக்கிக் கையோடு பிய்ந்து வந்தது. பம்புக்கு எண்ணெய் எடுக்கப் போன அன்று மேல் மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்திருக்கிறார், வெறும் பீப்பாய். களவு என்று முடிவு கட்டிவிட்டார். அவர் தேடிய எண்ணெய் முழுக்க, அவர் குடிக்கிற கிணற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

"எங்கடை நிலத்துக்குக் கீழை வெடிச்ச சுண்ணாம்புக்கல்லு. ஊத்தினது ஒரு இடத்திலை நிக்காது. இந்தக் கிணறு எப்ப திருந்துமெண்டு என்னாலை சொல்லேலாது. பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும்" என்றார் பரிசோதகர்.

தோட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள்தான் எடுத்ததெண்டு நினைச்சுப்போட்டன்."

கொட்டிலுக்குள் ஒற்றைக் காலோடு ஒருவர் படுத்திருக்கிறார், இவர் நினைத்துவிட்டாராம்! ஆனால் நான் நிற்பது அவருடைய மண்ணில். "கள்ளரெண்டு ஒழுங்கைக்குக் கேக்கத்தானே சொன்னனீங்கள் ஐயா. இல்லையெண்டதையும் ஒழுங்கைக்குக் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பரிசோதகர் சொன்னதுபோலவே அக்கம்பக்கத்துக் கிணறுகளும் மணக்கத் தொடங்கின. பிறகு ஒழுங்கைச் சனம் முழுவதும் அதே வயல்வெளியைத் தாண்டி, ஹெலிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அதே கோயில் கிணற்றுக்குத்தான் போனது. அங்கே ஒருநாள் தோட்டக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ரை எண்ணெய் களவு போகேல்லை. பீப்பா உக்கிப்போச்சு. உவையள் கள்ளரில்லை." முன்னால் நின்ற பெண் ஒருத்தி என்னை முதலில் அள்ளச் சொல்லி விலகினாள். நான் போகவில்லை, என் முறை வரும்வரை நின்றேன்.

அந்தப் பரிசோதகர் எங்களுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள் என்றும் கேட்கவில்லை. குற்றம் சொன்ன அத்தனை பேரையும் விட்டுவிட்டு நிலத்தைக் குத்திப் பார்த்தார், அவ்வளவுதான். கள்ளர் என்ற பெயர் இல்லாமல் நாங்கள் அந்த ஊரைவிட்டுப் போனது அவரால். அவரை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் நினைக்கிற ஒவ்வொரு தடவையும், எங்கள் மேல் பழி விழுந்த அன்றைக்கே யாராவது ஒருவர் அந்த வாழைத்தோட்டத்தைத் தோண்டிப் பார்த்திருந்தால் என் கணவர் இரண்டு காலால் நடந்திருப்பார் என்பதும் கூடவே வந்து நிற்கிறது.