நான் திறந்து வைத்த கிராஃப்

கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது செய்த தவறு இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் இடைசெவலிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். சவூதியில் அவள் கணவருக்கு இருதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகுமுன் கம்ப்யூட்டர் வழியே பத்து நிமிடம் பேச, அவருடைய நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். ஸ்பீக்கரில் குரல் துண்டு துண்டாக வந்தது.

"அண்ணாச்சி, அவிய பேசுதது வெளங்கலியே."

எங்கள் இன்டர்நெட் லைனின் நெரிசலை, லைன் கொடுத்த மதுரைக்காரர்களின் வலைப்பக்கத்தில் கிராஃபாகப் பார்க்கலாம். அதைத் திறந்து, நொடிக்கொரு தரம் மாறும்படி வைத்தேன். கோடு உச்சியில் நின்றது. மற்ற கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் எழுந்திருக்கச் சொன்னேன். அப்போதும் இறங்கவில்லை. குரல் அடியோடு நின்றுபோனது.

"ஏங்க, கேக்குதா? ஏங்க..." என்று அவள் மைக்கிடம் கெஞ்சினாள். நான் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தவர்களில் ஒருவர் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, நொடிக்கொருக்கா வருத இந்தப் படமும் அதே லைன்லதான வருது?"

மூடினேன். உடனே குரல் தெளிவாக வந்தது. ஆனால் பேசியது நண்பர்.

"இப்பதான் உள்ள கொண்டு போனாங்கம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்காவ எவ்வளவோ பாடுபட்டீய அண்ணாச்சி" என்றாள். நான் தலையாட்டினேன்.

அவள் கணவர் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் ஒருநாள் கடைக்கு வந்து, அதே வார்த்தையை மறுபடி சொன்னாள்.

அப்போதும் தலையாட்டினேன்.