தாரை வார்த்த கை

சுவிஸில், துன் நகரத்துக் கோட்டை ஒன்றில் நான் தரை துடைத்த காலத்தில், மேல்மாடிச் சுவரில் ஒரு பிரபுவின் மகள் படமாக நின்றாள். கழுத்தைச் சுற்றி விறைத்த வெள்ளைப் பட்டி, வயிறு வரைக்கும் முத்து, முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. எண்பதுகளின் கடைசி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை. படத்தின் சட்டத்தைத் துடைக்கும்போதெல்லாம் உனக்கென்னடி குறை என்று மனதுக்குள் கேட்பேன்.

அவளுடைய குறையைச் சொன்னது, கோட்டையைச் சுற்றிக்காட்டுகிற வயதான சுவிஸ் அம்மா. என் டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, அரைகுறை என்பதால் என்னோடு ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அந்தக் காலத்துப் பிரபு வீடுகளில் மாப்பிள்ளை தன் கலியாணத்துக்கே வரமாட்டாராம். தூரம், சண்டை, பனி, ஏதோ ஒன்று. பதிலாள் ஒருவனை அனுப்புவார். பெண் தகப்பன் வீட்டில் நின்று அந்தப் பதிலாளின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்வாள். சில இடங்களில், எல்லோரும் பார்த்துநிற்க, அவன் ஒரு வெறுங்காலை அவள் கட்டிலில் வைத்து எடுப்பானாம். அவ்வளவுதான், இரண்டு வீட்டு நிலமும் ஒன்றாகிவிடும். பிறகு அவள் மலை தாண்டிப் போய், முன்பின் பார்க்காத புருசன் வாசலில் இறங்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டிலை நினைத்துச் சிரிக்கிறேன் என்று அந்த அம்மா எண்ணியிருப்பார். நான் சிரித்தது என் கலியாணத்தை நினைத்து. அவளுக்கு மாப்பிள்ளை பதிலாள், எனக்குத் தகப்பன் பதிலாள்.

அப்பாவும் அம்மாவும் ஊரில். சண்டைக்குள் வர வழியில்லை. பேர்னில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் எனக்குத் தாலி கட்டினார்கள். பெண்ணைத் தாரை வார்க்க ஆள் வேண்டுமே என்று ஓல்டனிலிருந்து ஒரு அண்ணையைப் பிடித்து வந்தார்கள். அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயர் சொல்லச் சொல்ல, என் பூட்டன், பாட்டன், அப்பா பேரையும் என் பேரையும் தன் வீட்டுப் பேர்போல மூன்று முறை சொன்னார். என் கையைக் கொடுத்துத் தண்ணீர் வார்த்தபோது அவர் கை நடுங்கியது. என்னைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து விக்கி விக்கி அழுதேன்.

என் புருசன் நல்ல மனுசன்தான். ஹோட்டல் சமையலறையில் வேலை. நான் வரும்போது போய்விடுவார், அவர் வரும்போது நான் நித்திரை. ஒரு சனிக்கிழமை காலை, சோறு குழைந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு அது எனக்குச் சுட்டுவிட்டது. ஊரென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டில் போய் இருந்திருப்பேன். கோவித்துக்கொண்டு போக ஒரு வீடில்லாதவளின் கோபத்துக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

நாளைக்கு ஞாயிறு, என்ன செய்யப்போகிறாய் என்று அன்றைக்குக் கோட்டையில் அந்த அம்மா கேட்டார். "அப்பா வீட்டுக்குப் போறன், ஓல்டனுக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னபடியே போனேன். புருசன் நித்திரை. பையில் இரண்டு சீலையும் வைத்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், எங்கள் ஊர் ஆண்கள் சேர்ந்திருந்த பழைய வீடு. கதவைத் திறந்தது அவர்தான், தோளில் துவாயோடு.

"ஆரைத் தேடுறியள்?"

"அண்ணை, என்னைத் தெரியேல்லையோ? நீங்கள்தானே என்னைத் தாரை வார்த்துக் குடுத்தனீங்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்து யோசித்தார். "எந்தக் கலியாணம், பிள்ளை? பேர்னிலயோ, சூரிச்சிலயோ? கொஞ்சப் பேருக்கு நிண்டிட்டன். வாரும், இரும், தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணியை நீட்டியபோது அந்தக் கை அதேபோல நடுங்கியது. நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"ஊரில அடிபட்ட நரம்பு. கலியாண வீடெண்டாலும் செத்த வீடெண்டாலும் இப்பிடித்தான்."

பிறகு கேட்டார், "உம்மட பேர் என்ன, பிள்ளை?"

சொன்னேன். வடிவான பேர் என்றார். தேத்தண்ணி ஆறும்வரை அங்கே இருந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. பையைத் திறக்காமலே துன்னுக்கு ரயில் ஏறினேன். வீட்டுக்கு வந்தபோது புருசன் வேலைக்குப் போய்விட்டார். நான் கோவித்துக்கொண்டு போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த நாள் கோட்டையில் அந்த அம்மா ஆசையாகக் கேட்டார், அப்பா சுகமா என்று. சுகம் என்றேன். "அப்பா இவ்வளவு கிட்ட இருக்கிறார், நீ குடுத்துவைத்தவள்" என்று சொல்லி, சுவரிலிருந்தவளைக் காட்டினார். "இவள் மலை தாண்டிப் போன பிறகு தகப்பனைத் திரும்பப் பார்க்கவேயில்லை."

"யா" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தேன். நானும் என் அப்பாவைத் திரும்பப் பார்க்கவில்லை.