புதுசு தீர்ந்த நாய்

என் கணவருக்கு நாய் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. தெருவில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும், அதுதான் அவருக்குப் பிடிக்கும். பேசினால் விளக்கைப் போடும் டப்பா வந்தது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு வந்தது. பால்கனியில் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கக் குழாய்கள் வந்தன. வந்த புதிதில் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். அப்புறம் தூசி தட்டுவது என் வேலை. பொருள்தானே என்று பொறுத்துக்கொண்டேன். மூலையில் போட்டு வைத்தால் அதற்குப் பசிக்கப் போவதில்லை.

பிறகு ஹஸ்கி நாய் வந்தது. பனியில் வண்டி இழுக்கும் சாதி, நீலக் கண், உடம்பெல்லாம் கம்பளி. அதைச் சென்னையில், எங்கள் சேலையூருக்குக் கொண்டுவந்தார். அவர் வைத்த ரஷ்யப் பெயர் என் வாயில் நுழையவே இல்லை.

"இந்த ஊர் வெயிலுக்கு இது தாங்குமாங்க?" என்று கேட்டேன்.

"அதான் ஏசி இருக்கே. உனக்கு எது புதுசா வந்தாலும் ஆகாது."

மாலையில் மெயின் ரோடு வரை கூட்டிப் போவார். ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். "ஓநாயா அங்கிள்?" என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். நாய் என்ன செய்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மின்சாரம் போனால் அது பாத்ரூம் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்து இரைக்கும். எனக்கு நாய் வாசனையே ஆகாது. சோற்றில் முடி, தலையணையில் முடி. இருந்தாலும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அது என்னைப் பார்க்கும்போது சும்மா போக முடியவில்லை. துண்டை நனைத்து அதன் மேல் போடுவேன். அவரைத் திட்டிக்கொண்டேதான் போடுவேன்.

கோடையில் எதிர்வரிசை வீட்டிலும் ஒரு ஹஸ்கி வாங்கினார்கள். இதைவிடப் பெரியது. அன்றோடு நடை நின்றது. ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்றார். கூரியரில் நிறம் மாறும் விளக்கோடு மீன்தொட்டி வந்து இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைக் காரில் ஏற்றினார். நாவலூரில் நண்பர் ஒருவர் கேட்கிறார், அவர் வீட்டில் தோட்டம் இருக்கிறது என்றார். நான் துணி காயப்போட்டு, சாம்பாரை இறக்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அதற்குள் நாவலூர் போய் வர முடியாது.

"நாய் எங்க?"

"சொன்னேனே."

"எங்கன்னு கேக்கறேன்."

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பள்ளிக்கரணை தாண்டி, ரோட்டோரம் விட்டேன். காஸ்ட்லி பிரீட், யாராவது எடுத்துப்பாங்க. ஏன் கத்தற?"

நான் அப்போது கத்தவே இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலை முழுக்கப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு டீக்கடை முன்னால் கூட்டம் தெரிந்தது. நடுவில் அது கிடந்தது. சுற்றி நின்ற பையன்கள் ஃபோனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னுதாம்மா இது?" என்றார் டீக்கடைக்காரர். "காலைலேந்து இங்கதான் கீது. அல்லாரும் போட்டோ புட்ச்சிகினு போறாங்க."

"தண்ணி வெச்சீங்களா?"

அவர் டீ ஆற்றப் போய்விட்டார். நான் பாட்டிலைத் திறந்து குனிந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றான். அப்போதுதான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கூட்டம் கலைந்தது.

ஸ்கூட்டியைக் கடையோரம் விட்டுவிட்டு ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். "கடிக்குமாக்கா?" என்று டிரைவர் தயங்கினார்.

"கடிக்க வேண்டிய ஆளையே கடிக்கல. உங்கள ஒண்ணும் பண்ணாது."

வீட்டு வாசலில் அவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வெட்கப்படுவார் என்று நினைத்த நான்தான் முட்டாள். ஃபோனை எடுத்தார். "அப்படியே நில்லு, அது உள்ள வர்றத எடுக்கறேன். தொலைஞ்சுபோன நாய் திரும்பி வருது, செமையா இருக்கும்." அந்த ஒரு காலைப் பொழுதில் நாய் அவருக்கு மறுபடியும் புதுசாகியிருந்தது.

நான் அதை ஏசி அறைக்குள் இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அன்றிலிருந்து அந்த அறை எங்கள் இருவருக்கும்தான். அவருக்கு ஹால்.

போன மாதம் அவருடைய அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். "எங்க நாய எப்படி வளக்கறோம் பாருங்க" என்று இவர் ஆரம்பித்தார்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன். "எங்க நாய் இல்ல அண்ணி, என் நாய். உங்க தம்பி இத ரோட்டுல விட்டுட்டு வந்துட்டாரு. நான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

அன்றிலிருந்து என் கணவர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.