கனகம்மாவின் கடைசிக் கிண்ணம்

ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் கூடையை இறக்கிய மீன்காரி அஞ்சலை, விலை சொல்லாமல் நின்றாள். "கண்ணாடி கனகம்மா பூட்டாங்க நைனா. மாரு வலிக்குதுன்னு குந்தினாங்களாம், எய்ந்துக்கவே இல்ல," என்றாள். அன்று யானைக்கவுனியில் என் கடையைத் திறக்காமல் நேரே திருவொற்றியூருக்குப் போனேன்.

கனகம்மாவை உங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்து பாட்டில் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவர், வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சூளை கட்டிக்கொண்டார். உடைந்த சோடா பாட்டில் சில்லுகளை அச்சில் நிரப்பி, சூளைக்குள் வைத்து உருக்குவார். ஆறியதும் எடுத்தால், மீன்செதில் வரிகளோடு கடல்பச்சையில் ஒரு கிண்ணம். பூ மிதக்கவிட, அலமாரியில் அழகுக்கு வைக்க என்று என் கடையில் வந்து வாங்கிப் போவார்கள். உங்களில் சிலர் வீட்டிலும் இருக்கும்.

ஆறியதும் என்று எளிதாக எழுதிவிட்டேன். உருக்குவதைவிட ஆறவிடுவதுதான் பெரிய வேலை. சூடு தணியுமுன் திறந்தால், காற்றுப் பட்டதும் கிண்ணம் விரிசல் விட்டுவிடும். கனகம்மா சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் மூச்சு வுட்டுகினு கீது, வுடு," என்பார். ஒருமுறை கல்யாணப் பரிசு வேண்டுமென்று ஒருவர் கடையில் வந்து குதிக்க, நான் இவரிடம் போய்க் குதித்தேன். "கல்யாணம் நாளைக்கின்றது செரி நைனா. கிண்ணம் இன்னும் சூடா கீதே, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார். அந்தக் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம்தான் போனது.

அவர் கணவர் மாணிக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பொறுமை என்ற சரக்கே அவரிடம் கிடையாது. சோறு வெந்ததா என்று பார்ப்பதுபோல் சூளைக் கதவைத் திறந்துவிடுவார். உள்ளே 'டிக்' என்று கேட்கும். கனகம்மா கத்தமாட்டார். "இதையும் ஒடச்சிட்டியா மாமா?" என்று மட்டும் கேட்பார். மனிதர் அன்று முழுக்க வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கனகம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் அவர் வைத்த கிண்ணம் சூளைக்குள் இருந்தது. கடைசியாகச் செய்ததாயிற்றே, கையில் கொடுத்து அனுப்ப வேண்டுமென்று பெண்கள் அழுதார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பாடை தயாராகிவிட்டது. உறவுக்காரர் ஒருவர் சூளைக் கதவில் கைவைத்தார்.

மாணிக்கம் எழுந்து வந்து குறுக்கே நின்றார். சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இன்னும் மூச்சு வுட்டுகினு கீது. வுடுங்க," என்றார்.

கனகம்மா வெறுங்கையோடுதான் போனார். மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்தும் மாணிக்கம் திறக்கவில்லை. சூளை முழுக்கக் குளிர்ந்த பிறகு, எனக்கு ஆள் அனுப்பிவிட்டு, நான் வந்ததும் திறந்தார். கிண்ணத்தில் ஒரு கீறல் இல்லை.

கனகம்மா அதற்குமுன் வார்த்தவை எல்லாம் விற்றுப்போயின. என்னிடம் ஒன்றுகூட இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது, அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு மாணிக்கம் சொன்ன சொல்தான்.

"பாரு கனகு, இந்த வாட்டி நான் ஒடைக்கல."