விளக்கடியில் யாரும் உட்காரவில்லை

காலனி முனையில் பஞ்சாயத்துக்காரர்கள் கம்பம் நட்டு பல்பு மாட்டிய அன்றைக்கே எல்லப்பனும் கூட்டாளிகளும் அதன் அடியில் சாக்கை விரித்துச் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். உத்திரமேரூர் போகிற வழியில் இருந்த அந்தக் காலனிக்கு ஒரே வெளிச்சம் அதுதான். பகலெல்லாம் அடுத்தவர் கழனியில் குனிந்து கிடந்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிற இடம்.

எல்லப்பனின் மகள் பாஞ்சாலி பத்தாவது போன வருஷம் அந்த இடம் கைமாறியது. அந்தக் காலனியிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் அவள். அவள் சிம்னி விளக்குப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிப்பதை எல்லப்பனின் சிநேகிதன் முனியன் பார்த்தான். வாய்த்துடுக்கு உள்ள மனுஷன். "எய்ந்திருங்கடா, பொண்ணு படிக்கட்டும்" என்று சாக்கை அவனே உதறி அவளுக்கு விரித்துக் கொடுத்தான். ஆட்டம் எதிரே பூவரச மரத்தடிக்குப் போனது.

பாஞ்சாலி உரக்கப் படிப்பாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டில் அவளுக்குத் தெரிந்த வழி மனப்பாடம் ஒன்றுதான். சரித்திரத்தை ஒப்பித்த மாதிரியே கணக்கையும் எண்ணோடும் விடையோடும் ஒப்பித்தாள். அறுபத்து நாலாம் வருஷம் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் அதே கணக்குகள் வந்தன. எண்கள் மட்டும் வேறாக இருந்தன. கேள்வித்தாளில் அச்சுப்பிழை என்று நினைத்து, புத்தகத்து விடையையே பாஞ்சாலி எழுதிவிட்டு வந்தாள். நன்றாக எழுதியதாகத்தான் வீட்டிலும் சொன்னாள்.

பஸ் நிலையத்து டீக்கடையில் பேப்பரைப் பார்த்தபோது அவள் நம்பர் இல்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டதில் தமிழிலும் சரித்திரத்திலும் நல்ல மார்க். கணக்கில் பதினொன்று. எண்களை வேண்டுமென்றேதான் மாற்றுவார்கள் என்று கூடப் படித்த ஒருத்தி சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

மறுநாளே அம்மா மங்கம்மாவோடு களையெடுக்கப் போனாள். "இன்னாடி, இங்கிலீசுல பேசினா களை தானா வந்துடுமா?" என்று பக்கத்து வரிசை அம்முலு கேட்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாஞ்சாலிக்கு அது உறைக்கவே இல்லை. தனக்காக இரண்டு வருஷம் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவளை அரித்தது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னொரு தடவை அந்த இடத்தைக் கேட்க அவளுக்கு வாய் வராது. விளக்குக் கம்பத்துப் பக்கமே போகாமல் இருந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒருநாள் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் மங்கம்மா, "உங்க நைனாவ சோறு துன்னக் கூப்புடு" என்று அனுப்பினாள். போனவள் நின்றுவிட்டாள்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. அடியில் சாக்கு விரித்தபடி கிடந்தது. பூச்சிகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஆட்கள் நாலு பேரும் பூவரச மரத்தடியில் ஒரு சிம்னியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். முனியன் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "டேய், இது இஸ்பேடா கிளாவரா?" என்றான்.

"அவ்ளோ கிட்ட வச்சிக்கினு கீற. மோந்து பாத்துச் சொல்லேன்" என்றான் எல்லப்பன்.

"மாமா, லைட்டாண்ட உக்காந்து ஆடறதுதான?" என்றாள் பாஞ்சாலி.

முனியன் தலையைத் தூக்கவில்லை. "அது உன் எடமாச்சே."

"நான்தான் பெயிலாயிட்டனே."

"உங்க நைனா தெனம் என்னாண்ட தோத்துக்கினு கீறான். நாளைக்கு வராமயா பூடுவான்?" என்றவன் ஒரு சீட்டைப் போட்டான். "நீ படிக்கறத நிறுத்தினதுலேர்ந்து ஆட்டமே பேஜாராக் கீது. அந்த இங்கிலீசு காதுல வியுந்தாத்தான் எனக்குச் சீட்டு நல்லா வருது."

எல்லப்பன் மகளைப் பார்க்காமல் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷமும் இந்த இருட்டுக்கு முதுகைக் காட்டித்தான் பாஞ்சாலி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு கிடந்ததை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் பெயிலான பிறகும் அந்த இடத்தில் ஒருவனும் கால் வைக்கவில்லை. யாரும் அதை ஒரு பெரிய காரியமாக நினைத்ததாகவும் தெரியவில்லை. கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வருகிற மலைப்பு அவளுக்கு வந்தது. அவள் எதிரே இருந்ததோ அழுக்கு வேட்டி கட்டிய நாலு பேர்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். "காலைல களைக்கு வரணும்" என்றாள் மங்கம்மா. "வரேன்" என்று சொல்லிவிட்டு வந்து சாக்கில் உட்கார்ந்தாள். விடையைக் கையால் மூடிக்கொண்டாள். எண்களைத் தானாகவே மாற்றிப் போட்டுப் பார்த்தாள். தப்பாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"இன்னா பொண்ணு, சத்தமே காணோம்? தூங்கிட்டியா?" என்று முனியன் கேட்டான்.

"கணக்கு போடறேன் மாமா. இதுக்குச் சத்தம் வேணாம்."

முனியன் கூட்டாளிகளைப் பார்த்து வாயில் விரலை வைத்தான். அவள் செப்டம்பரில் எழுதித் தேறுகிற வரைக்கும் அந்த மரத்தடியில் ஜெயித்தவன்கூடச் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை.