அம்மாவின் இஞ்ச் டேப்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்து, ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். கட்டைப் பிரித்த மறுவாரமே அந்தக் காலின் ஆடுசதை வீங்கிச் சூடேறியது. "படுத்தே கெடந்த காலு, நீர் கோத்துருக்கும்" என்று அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி, இரண்டு நாள் அழுத்தி உருவிவிட்டாள். வலியில் கத்தினேன். "ஊரக் கூட்டாதடி" என்றாள்.

மூன்றாம் நாள் வீக்கம் முழங்காலைத் தொட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது என்றார். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாம்.

"கால யாரும் அழுத்தி விட்டீங்களா?"

"இல்லீங்க" என்று முந்திக்கொண்டேன்.

"நான்தாங்க. ரெண்டு நாளா" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. கட்டியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் வயிற்றில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அன்றிலிருந்து அம்மா என் காலைத் தொடவே இல்லை. ஜாக்கெட் தைக்கிறவள் அவள். இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். காலையில் எழுந்ததும் என் இரண்டு ஆடுசதைகளையும் அதால் அளப்பாள், விரல் படாமல். சாக்பீஸால் சுவரில் எழுதி வைப்பாள். கால் இஞ்ச் குறைந்தால் போதும், நான் ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

சின்ன வயதிலிருந்து "ஒரு எடத்துல உட்கார மாட்டியா" என்று என்னைத் திட்டியவள், ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இப்போது அரைமணி நேரம் டிவி பார்த்தாலே "எந்திரிச்சு நடடி" என்று விரட்டினாள். எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. இருந்தும் நடந்தேன்.

போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாம், தூரப் பயணம் போனால் மட்டும் நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"இனிமே கையால தொடலாங்களா?" என்று அம்மா கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. "தாராளமா" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். கழற்ற மறந்த டேப் கழுத்தில் அப்படியே கிடந்தது. மெதுவாக ஆடுசதையில் கையை வைத்தாள்.

"நாலு பேரு பாக்குறாங்கடி" என்றாள். ஊர் வரும்வரை கையை எடுக்கவில்லை.