சைக்கிள் பையில் பச்சைப்பயறு

போன திங்கட்கிழமை காலை என் கணவரை எஸ்டேட் கேட்டில் போலீஸ்காரர்கள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். காரணம் — ஒரு பிடி பச்சைப்பயறு.

சிரிக்காதீர்கள். மலாயாவின் இந்த அவசரகாலத்தில், கோலா பிலா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் குடியிருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வராது. நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. காலையில் வேலைக்குப் போகிற எல்லோரையும் கேட்டில் சோதனை போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். தேத்தண்ணி போத்தலைக்கூட மோந்து பார்க்கிறார்கள். அப்படியிருக்க, எஸ்டேட் கிராணியின் சைக்கிள் பையில் ஈரத்துணியில் கட்டிய பயறு கிடைத்தால்?

ஆபீசில் கணக்கெழுதும் அந்தக் கிராணிதான் என் கணவர். ஆபீசிலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். பயற்றை அங்கே வைத்தது எங்கள் மகள் மல்லிகா. வைக்கும்படி ஆனது... என்னால்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பையெல்லாம் மல்லிகா முடித்துவிட்டாள். டவுன் ஸ்கூலுக்குப் பஸ்ஸில் அனுப்ப எங்களுக்குத் தைரியமில்லை. அந்த ரோட்டில் லாரியையே எரித்திருக்கிறார்கள். தெமியாங்கில் இருக்கும் நாத்தனார் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்றார் கணவர். ஒன்பது வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு நான் இங்கே என்ன செய்வேன்? நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். சரி, ஏதாவது வில்லங்கம் வந்தால் தெமியாங்தான் என்று சொல்லி வைத்தார்.

சூட்டிகையான பிள்ளைக்குப் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் நான் டீச்சர். மத்தியானத்துக்குள் அவள் டீச்சர்.

சனிக்கிழமை விதைப் பாடம். முளைப்பதற்குத் தண்ணீர் வேண்டும், காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"மண்ணுக்குள்ள ஏதும்மா வெளிச்சம்?" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். நீயே செய்து பார் என்று சொல்லித் தப்பித்தேன் — பதில் தெரியாத டீச்சர்கள் எல்லோரும் செய்கிற வேலைதானே! ஊறவைத்த பயற்றை இரண்டு துணியில் கட்டினாள். ஒன்று ஜன்னலில். இன்னொன்றுக்கு இருட்டு வேண்டும். எங்கள் பலகை வீட்டில் இருட்டுக்கு எங்கே போவது? சுவரெல்லாம் இடுக்கு, கட்டிலுக்கு அடியிலும் வெயில் வரும். அப்பாவின் சைக்கிளில் தொங்கும் தோல் பைதான் அவளுக்கு வாய்த்தது. ஸ்பானர் வைக்கிற பை. மூடிவிட்டால் உள்ளே கும்மிருட்டு. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவும் இல்லை.

ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை அதே சைக்கிளில் அவர் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்றாராம். கடத்துகிறவன் எவன்தான் தெரியும் என்பான்? பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னதும், மல்லிகாவையும் ஜன்னலில் இருந்த மூட்டையையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். ரொம்பவே பயந்துபோனேன்.

மலாய் சார்ஜன்டிடம் எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், கொட்டித் தீர்த்தேன். அவர் என்னை விட்டுவிட்டு மல்லிகாவைக் கேட்டார். அழுவாள் என்று பார்த்தேன். அவளோ, இரண்டு மூட்டையையும் பிரிக்கச் சொன்னாள்! சார்ஜன்ட் மேசையில் பிரித்து வைத்தார். இரண்டும் முளைத்திருந்தன. பைக்குள் இருந்தது இன்னும் நீளமாக, வெள்ளை வெளேரென்று.

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னது தப்பும்மா. இருட்டுலயும் முளைக்குதுலா."

எஸ்டேட்டே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இவளுக்கு முக்கியம் அதுதான்!

இந்தப் பிள்ளைக்கு யார் டீச்சர் என்று சார்ஜன்ட் கேட்டார். புருஷன் காவலில் இருக்கும்போது எந்தப் பெண்ணாவது பெருமையாகக் கை தூக்குவாளா? நான் தூக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் சட்டம்தான் என்று பயற்றை எடுத்து வைத்துக்கொண்டு, இனி பையைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்படி கணவரை எச்சரித்து அனுப்பினார்.

என் கணவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சைக்கிளை மிதித்தார். தெமியாங்தான், முடிந்தது என்று நினைத்தேன். மல்லிகாவின் துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

சாயங்காலம் வந்தவர் சைக்கிளை நிறுத்தினார். சைக்கிளிலிருந்து பையைக் கழற்றினார். துடைத்தார். சுவரில் ஆணி அடித்து மாட்டினார். மகளைக் கூப்பிட்டார்.

"இந்தா, உன் இருட்டு. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோ."

மடித்த துணிகளைப் பழைய இடத்திலேயே வைத்தேன்; தெமியாங் பேச்சு அத்தோடு போயிற்று. பாடம் நடக்கிறது. மனிதர் இப்போது ஸ்பானரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்... கேட்டில் அதையும் மோந்து பார்க்கிறார்களாம்.